மூஞ்சி அவன்தான், காலு அவன் இல்ல

முட்டி வலி வந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். மாடிப்படியைப் பார்த்ததும் கைப்பிடி எங்கே என்று தேடுகிற நம்ம வயசுக்காரர்களுக்கு. போன வருஷம் என் இரண்டு முட்டிகளும் பேசி வைத்துக்கொண்டு மக்கர் பண்ணின. எந்த டாக்டரையும் முதல் தடவை நான் நம்புவதில்லை. அதனால் போனில் முட்டிக்கு ஏதாவது உடற்பயிற்சி இருக்கிறதா என்று தேடினேன். ஒன்றைத் தொட்டால் ஒன்பது வந்து விழுமே, அப்படி விழுந்த ஒரு வீடியோவில் வயதான வெள்ளைக்காரர் ஒருவர் தோட்டத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தன் முட்டியைத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். கீழே அவர் பெயர் ஓடியது. ஜெர்மனிக்காக முன்வரிசையில் ஆடி கோல் போட்டவர். ஆட்டத்தை விட்டு ஏறக்குறைய நாற்பது வருஷம் இருக்கும். பெயரை நான் இங்கே போடமாட்டேன். மனிதர் உயிரோடு இருக்கிறார், நமக்கு எதற்கு வம்பு.

அந்தப் பெயரைப் பார்த்ததும் முட்டி வலியே எனக்கு மறந்துவிட்டது. காரைக்காலில் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ் கிளார்க்கின் மகளுக்கும் ஒரு ஜெர்மன் பந்தாட்டக்காரருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எனக்குப் பதினோரு வயதில் வந்த ஒரு ஆனி மாதத்தைச் சொன்னால்தான் அது விளங்கும்.

சந்தேகத்தை எங்கள் வீட்டில் சோற்றோடு பிசைந்து ஊட்டினார்கள். அம்மா பாலை நகத்தில் ஒரு சொட்டு விட்டு, அது ஓடுகிறதா நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பாத்திரத்தை நீட்டுவாள். அப்பா கடையில் நிறுத்த புளியை வீட்டுக்கு வந்து இன்னொரு தடவை நிறுப்பார். குறைந்திருந்தால் அவருக்கு ஒரு சந்தோஷம், சரியாக இருந்தால் அன்று முழுக்க முகம் வாடியிருக்கும். வீடு என்ன, ஊரே அப்படித்தான். கட்டினவளைப் பார்த்து 'இந்த மாம்பழம் ஏது' என்று கேட்ட ஒருவனின் கதைக்குத்தானே நாம் வருஷாவருஷம் மாங்கனித் திருவிழா எடுக்கிறோம்.

பக்கத்து வீட்டில் சொல்தா மாமா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அவருடைய மகள், எனக்கு அக்கா, அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. அந்த வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். அக்காவின் அம்மா, எனக்கு அத்தை முறை, செத்துப்போன பிறகுதான் மாமா பட்டாளத்திலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்தார். அதற்கு முன்னால் அக்கா நாலு வயதாக இருக்கும்போது ஒரு லீவில் வந்து போனதோடு சரி. பத்து வயதுப் பெண்ணை நெடுங்காட்டில் அவளுடைய பெரியம்மா வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு எங்கள் தெருவில் வீடு பிடித்து வந்தார். எங்கள் தெருவில் அவரை இளவட்டமாகப் பார்த்தவர் ஒருத்தரும் கிடையாது.

இதில்தான் தெருவுக்கு வாய்க்கு அவல் கிடைத்தது. அவர் விழிதியூர்க்காரர். அண்ணன் தம்பி இரண்டு பேர், ஒரு வயது வித்தியாசம், ஒரே ஜாடை. ஒருத்தன் பட்டாளத்துக்குப் போனான், ஒருத்தன் செத்துப்போனான். இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பட்டாளத்துக்குப் போன அண்ணன்தான் அந்த லீவு முடிந்து புறப்படப் போன இடத்தில் காய்ச்சலில் செத்தான், வழியனுப்பப் போன தம்பிக்காரன் அவன் காகிதத்தை எடுத்துக்கொண்டு அவன் பெயரில் ஏறிப் போய்விட்டான் என்று தெரு சொல்லிக்கொண்டது. அத்தை உயிரோடு இருந்திருந்தால் புருஷனைத் தெரிந்திருக்கும், அவள் போன பிறகு வந்தானே, அதிலிருந்தே தெரியவில்லையா என்பார்கள். ஆதாரங்களும் வைத்திருந்தார்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் சட்டென்று திரும்பமாட்டார். ஜூலை பதினாலில், பிரெஞ்சுக்காரர்களின் தேசிய நாளில், மற்ற சொல்தாக்கள் கோட்டு மாட்டி, மெடல் குத்தி, விறைப்பாக நடந்து வரும்போது இவர் கடைசி வரிசையில் வெறும் சட்டையோடு வருவார். பட்டாளத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் சமையல்கட்டில் இருந்தேன் என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவார். துப்பாக்கி பிடித்தவன் துப்பாக்கியைப் பற்றிப் பேசாமல் இருப்பானா என்று முடிதிருத்தும் கடையில் கேட்டார்கள்.

காது மந்தம் என்றோ, சமையல்காரனுக்கு யார் மெடல் கொடுக்கிறார்கள் என்றோ ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

என் அப்பாவுக்கு இதில் தனிக் கணக்கு ஒன்று இருந்தது. பிரெஞ்சுக்காரன் போன பிறகு, அந்த நாட்டுக் குடியுரிமை வேண்டுகிறவர்கள் கையெழுத்துப் போடலாம் என்று கெடு வைத்தார்களே, அந்தக் கெடுவில் எங்கள் தாத்தா போடவில்லை. நம் நாடு நமக்கு வந்த பிறகு அவன் காகிதம் எதற்கு என்றாராம். நியாயமான பேச்சுதான். ஆனால் கையெழுத்துப் போட்ட வீடுகளில் மாடி எழும்பியது, பாரீஸ் மாப்பிள்ளை வந்தான், வாசலில் ஓடிகொலோன் மணத்தது. அப்பா ஒவ்வொரு மாடியையும் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் சைக்கிளை மிதிப்பார். தாத்தாவைத் திட்ட முடியாது, செத்துவிட்டார். அதனால் பக்கத்து வீட்டைச் சந்தேகப்பட்டார்.

நான் அந்த வீட்டிலேயேதான் கிடப்பேன். அங்கே டிவி இருந்தது, அக்கா இருந்தாள். அந்த ஆனி மாதம் அக்கா பறந்துகொண்டிருந்தாள். பாரீஸுக்குப் பக்கத்தில் அவளுக்குத் தாய்மாமன் ஒருத்தர், அங்கே நர்ஸ் படிப்புக்கு இடம் பார்த்து வைத்திருந்தார். சொல்தா மாமாவின் மகள் என்பதால் அவளும் பிரெஞ்சுக் குடிதான், பாஸ்போர்ட் ஒன்றுதான் வரவேண்டும், ஆவணியில் புறப்பாடு. தாய்மாமன் அனுப்பிய கம்பளி ஸ்வெட்டரை ஆனி வெயிலில் போட்டுக்கொண்டு கழுத்து அரிக்கிறதா என்று பார்ப்பாள். அரிக்கும். அரித்தாலும் கழற்றமாட்டாள், வியர்த்து வழிய அப்படியே உட்கார்ந்து எனக்கு பிரெஞ்சில் ஒன்று இரண்டு சொல்லிக் கொடுப்பாள். கல்யாணத்துக்குப் போகிறவள் முகம் அது இல்லை. தன் காலில் நிற்கப் போகிறவளின் முகம். அவளை எனக்கு அவ்வளவு பிடிக்கும். அவள் போய்விடுவாளே என்று பொருமலாகவும் இருந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மாமா பட்டாளம் பேசமாட்டாரே தவிர பந்து பேசுவார். அதுவும் ஒரே ஒரு ஆள். லீவில் வருவதற்கு முந்தி அவர் இருந்தது ஜெர்மனியில் ஒரு சின்ன ஊர், பிரெஞ்சுப் பட்டாளத்தின் முகாம்; லீவு முடிந்ததும் வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சமையல் முடிந்ததும் இவர் நடந்தே போய் அந்த ஊர் மைதானத்தில் கயிற்றுக்கு வெளியே நின்று பார்ப்பார். வெள்ளைக்காரக் கூட்டத்தில் கறுப்பாக இவர் ஒருத்தர். கறிக்கடைக்காரர் மகன் ஒருத்தன், மீசை அரும்பாத பயல், அப்பனுடைய டெலிவரி சைக்கிளிலேயே வந்து இறங்கி, ரத்தக் கறை உள்ள ஏப்ரனைக் கழற்றிக் கம்பத்தில் மாட்டிவிட்டு ஆட இறங்குவானாம். ஒருநாள் பந்து கயிற்றைத் தாண்டி மாமா காலடியில் வந்து விழ, இவர் எடுத்துப் போட, பயல் தலையை ஆட்டினானாம். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அவன் இவரைப் பார்த்து ஒரு தலையாட்டல். அவ்வளவுதான் சிநேகம். அந்தப் பயல்தான் பிறகு பெரிய நகரத்து டீமுக்குப் போய், தேசத்துக்கே ஆடி, பேப்பரில் படம் வருகிற அளவுக்கு ஆனான் என்று மாமா சொல்வார். அதை மட்டும் அவர் சொல்லும்போது காது மந்தம்கூடக் காணாமல் போய்விடும்.

மாம்பழக் காலம். தின்று முடித்த மாங்கொட்டையைத் தரையில் வைத்து, அந்தப் பயல் எப்படி அடிப்பான் என்று காட்டுவார். வலது காலை ஊன்றி, உடம்பைச் சாய்த்து, இடது காலால் ஒரு தட்டு. கொட்டை வழுக்கிக்கொண்டு போய் அலமாரிக்கடியில் ஒளியும். தரையெல்லாம் பிசுபிசுப்பு, ஈ மொய்க்கும், அக்கா இரண்டு பேரையும் திட்டிக்கொண்டே துணியோடு வருவாள்.

"வலது காலு அவனுக்கு நிக்கிறதுக்குத்தான் பாப்பா. அடிக்கிறதெல்லாம் எடது காலுதான்."

இதை அவர் எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை.

அந்த ஆனியில்தான் உலகக் கோப்பை வந்தது. ஆட்டம் நடக்கிற நேரம் நாம் தூங்கிக்கொண்டிருப்போம், மறுநாள் சாயங்காலம் சுருக்கிப் போடுவதைத்தான் பார்க்க வேண்டும். கறுப்பு வெள்ளை டிவி. மொட்டை மாடியில் ஒருத்தர் ஆன்டெனாவைத் திருப்ப, கீழேயிருந்து ஒருத்தர் வருது, வரல, போயிருச்சு என்று கத்த, நடுவில் தடங்கலுக்கு வருந்துகிறோம் என்ற அட்டை வந்து நிற்கும். அந்த அட்டையைப் பார்த்து வளர்ந்தவர்கள்தானே நாம். ஜெர்மனி ஆடுகிற ஆட்டம் என்றதும் மாமா தெருவையே கூப்பிட்டிருந்தார். ஹால் நிறைய ஆட்கள், வாசற்படியிலும் ஆட்கள், என் அப்பாவும் வந்து சுவரோரமாகக் கைகட்டி நின்றார். மாமா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு டிவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தன் வீட்டுப் பிள்ளை மேடை ஏறப் போகிற பெருமை அவர் முகத்தில் இருந்தது.

அவன் வந்தான். பயல் இல்லை, முன்நெற்றி ஏறிய ஆள், ஆடுகிற கடைசி வருஷம் அது என்று பேசிக்கொண்டார்கள். மூன்று தடவை கோலை நோக்கி அடித்தான், மூன்றாவது உள்ளே போனது. மூன்றும் வலது காலால். நான் டிவியிலிருந்து ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். சந்தேகப் பிராணிக்குக் கண் சரியாகத்தான் தெரியும்.

"மாமா, எடது காலுன்னு சொன்னீங்க?" என்று கேட்டேன்.

கோலைத் திரும்பப் போட்டுக் காட்டினார்கள். வலது கால். மாமா எழுந்து டிவிக்குக் கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். அவர் முகத்தில் இருந்தது பொய் பிடிபட்டவனின் திருட்டுமுழி என்று அன்றைக்கு நினைத்தேன். பல வருஷம் அப்படித்தான் நினைத்தேன்.

"மூஞ்சி அவன்தான்," என்றார். "காலு அவன் இல்ல."

ஹால் முழுக்கச் சிரிப்பு. வாசற்படியில் இருந்தவர்களுக்கு ஒருத்தர் திருப்பிச் சொல்ல, அங்கேயும் சிரிப்பு. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அக்கா அடுப்படிக் கதவருகே காப்பித் தட்டோடு நின்றிருந்தாள், அவளும் சிரிக்கவில்லை. மறுநாளே முடிதிருத்தும் கடையில் புதுப் பாட்டு கிளம்பிவிட்டது: சொல்தாவுக்கும் மூஞ்சி அவர்தான், பேருதான் அவர் இல்லை.

அடுத்த ஞாயிறு அப்பா என்னைக் கேரியரில் வைத்துக்கொண்டு விழிதியூருக்குப் போனார். நாற்றங்காலுக்குத் தண்ணீர் வருமா வராதா என்று வாய்க்கால் கரையில் நாலைந்து பேர் பேசிக்கொண்டு நின்றார்கள். அப்பா இறங்கி, ஏதோ பத்திரம் விஷயமாக வந்தவர் மாதிரி, அண்ணன் தம்பிக் கதையை விசாரித்தார். செத்தது மூத்தவன் என்றார் ஒருத்தர். இல்லை, இளையவன், கருமாதிக்கு நான் போனேனே என்றார் இன்னொருத்தர். மூன்றாமவர் இரண்டு பேருமே நல்லவர்கள் என்றார். அப்பா முதல் ஆளிடம் மட்டும் பெயர், ஊர் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். வரும் வழியெல்லாம் சந்தோஷமாக மிதித்தார். எனக்குக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார், அது அவர் செய்கிற காரியமே இல்லை. ஊருக்குள்ளே தெரிந்ததைத் தெரிந்துகொள்ள அவர் போகவில்லை, வேண்டியதைப் பொறுக்கிக்கொண்டு வரப் போனார். இதைப் புரிந்துகொள்ள எனக்கு அவர் வயது வரவேண்டியிருந்தது.

ஜூலை பதினாலு முடிந்து ஒரு மத்தியானம் அப்பா என்னை உள்ளறைக்குக் கூப்பிட்டுத் தாழ்ப்பாள் போட்டார். ஒரு தாளில் தான் எழுதி வைத்திருந்ததைக் காட்டி, இதைப் பார்த்து எழுது என்றார். கொம்யூன் ஆபீஸில் பாதி ஊருக்குச் சான்றிதழ் எழுதுகிறவர் அவர், அவர் கையெழுத்து ஊருக்கே தெரியும். என் எழுத்தும் என் பள்ளிக்கூடத்துக்குத் தெரியும் என்று ஒரு யோசனை செய்தார்.

"எடது கையால எழுது."

மொட்டைக் கடுதாசி எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வழி அது. எனக்கு அது விளையாட்டாக இருந்தது. ஒரு பக்கம் எழுத ஒரு மணி நேரம் ஆனது, ழகரம் ஒவ்வொன்றும் விழுந்து எழுந்தது. இன்னார் இன்னார் அல்ல, இறந்தவரின் பெயரில் வாழ்கிறார், மகளையும் பொய்க் காகிதத்தில் அனுப்பப் பார்க்கிறார் என்று போனது கடிதம். கடைசியில் ஒரு வரி: ஜெர்மனியில் இருந்ததாகச் சொல்லும் இவருக்கு அந்த நாட்டுப் பிரபல ஆட்டக்காரர் எந்தக் காலால் அடிப்பார் என்றுகூடத் தெரியாது. அந்த வரி நான் கொடுத்தது. அப்பா என் தலையைத் தடவி, இதுதான் பாயிண்ட் என்றார். அவர் என்னை அப்படித் தடவிக் கொடுத்தது வேறெப்போதும் நினைவில்லை. சொல்லவே கூசுகிறது, அன்று நான் அவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தேன்.

அக்காவும் போகமாட்டாள் என்பது அந்த மகிழ்ச்சிக்குள் இருந்ததா? இருந்தது என்றுதான் இப்போது சந்தேகப்படுகிறேன். என்னை மட்டும் ஏன் விட்டுவைக்க வேண்டும்.

பாஸ்போர்ட் வரவில்லை. விசாரணை என்று தகவல் வந்தது. மாமா ஒரு நைலான் பையில் காகிதங்களைப் போட்டுக்கொண்டு அதிகாலை பஸ்ஸில் ஏறிப் போய், பொழுது சாய வந்து இறங்குவார். ஒரு தடவை இல்லை, இரண்டு வருஷத்தில் எத்தனையோ தடவை. அந்த இரண்டு வருஷமும் நான் அவர் வீட்டில் டிவி பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவர் என்னை வராதே என்று சொன்னதே இல்லை. ஜெர்மன்காரன் ஆட்டத்தை விட்டுவிட்டான், ஊர் திரும்பி ஏதோ கடை வைத்திருக்கிறானாம் என்று பாரீஸ் தாய்மாமன் எழுதியதை என்னிடம் படித்துக்காட்டினார். காலைப் பற்றிப் பேசவில்லை. மாங்கொட்டையும் உதைக்கவில்லை.

கடைசியில் எல்லாம் சரி, இவர் இவர்தான் என்று காகிதம் வந்தது. அதற்குள் நர்ஸ் படிப்பு இடம் போய்விட்டது. அந்த மாசமே மாமாவுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அவரைப் போட்டுவிட்டு அக்கா எங்கே போவாள்? மூன்று வருஷம் படுக்கையில் கிடந்து போய்ச் சேர்ந்தார். காகிதம் வந்ததைப் பற்றித் தெரு என்ன சொன்னது என்கிறீர்கள்? கொடுக்க வேண்டியதைக் கொடுத்திருப்பான் என்றது. எங்கள் ஊர்ச் சந்தேகம் காகிதத்துக்கெல்லாம் மசியாது.

நானும் அதையேதான் நம்பினேன். காலேஜில் சிநேகிதிகளிடம், பதினோரு வயதில் ஒரு ஆள்மாறாட்டக்காரனைக் கண்டுபிடித்தேனாக்கும் என்று பெருமையடித்திருக்கிறேன். பிற்காலத்தில் ஒருநாள் அப்பாவிடம், நாம் செய்தது சரியா என்று கேட்டேன். சந்தேகம் தெளிந்தால் அவருக்குத்தானே நல்லது என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொண்டார். சாகும்வரை அவருக்கு அதில் உறுத்தல் இருந்ததாகத் தெரியவில்லை.

இப்போது அந்த வீடியோ. கிழவர் ஜெர்மனில் பேசுகிறார், கீழே இங்கிலீஷில் எழுத்து ஓடுகிறது. என் அப்பா கறிக்கடை வைத்திருந்தார், சைக்கிளில் டெலிவரி செய்துவிட்டு ஆடப் போவேன் என்கிறார். பிறகு இடது முட்டியைத் தட்டுகிறார். சின்ன ஊரில் ஆடியவரை நான் இடது கால் ஆட்டக்காரன். பெரிய டீமில் எடுத்த உடனே, முதல் ஆட்டத்துக்கு முன்பே, இந்தக் கால் நொறுங்கிவிட்டது. ஒன்றரை வருஷம் படுத்திருந்தேன். எழுந்தபோது இது வெறும் ஊன்றுகோல். குழந்தை மாதிரி வலது காலால் எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்றேன். உலகம் பார்த்தது எல்லாம் அந்த வலது காலைத்தான். இடது காலைப் பார்த்தவர்கள் எங்கள் ஊரில் கயிற்றுக்கு வெளியே நின்ற ஐம்பது, நூறு பேர்தான். இப்படிச் சொல்லிச் சிரிக்கிறார்.

அந்த ஐம்பது நூறு பேரில் ஒருத்தர் விழிதியூர்க்காரர்.

நான் லேசில் விடுகிறவள் இல்லை, உங்களுக்குத் தெரியும். எழுத்து தப்பாக ஓடுகிறதோ என்று இன்னும் மூன்று வீடியோ தேடிப் பார்த்தேன், அதே கதை. அண்ணன் சொல்லித் தம்பி கேட்டிருக்கலாமே என்றும் மடக்கிப் பார்த்தேன். ஆனால் சொல்லிக் கேட்டவனாக இருந்தால் டிவியில் வலது காலைப் பார்த்ததும் அட, நான்தான் மாற்றிச் சொல்லிவிட்டேன் என்று சமாளித்திருப்பான். தன் கண்ணால் பார்த்தவன்தான் டிவியையே சந்தேகப்படுவான். நான் பொய்க்கு ஆதாரமாகப் பிடித்த அந்த ஒன்றுதான் அந்த லீவுக்கு முன்பே அங்கே இருந்த அண்ணன் அவரேதான் என்பதற்கு இருந்த ஒரே சாட்சி. அதைத்தான் என் கையால் எழுதி அனுப்பியிருக்கிறேன்.

ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். பிறகு அக்காவைப் பார்க்கப் போனேன்.

அக்கா அதே வீட்டில்தான் இருக்கிறாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பிரெஞ்சு டியூஷன் எடுக்கிறாள். பாரீஸுக்குப் போகிற பெண்கள் எல்லோரும் அவளிடம்தான் படித்துவிட்டுப் போகிறார்கள். நான் போனபோது காலை பதினோரு மணி இருக்கும், முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். உட்காரு பாப்பா என்றாள். எனக்கு ஐம்பது வயது, அவளுக்கு இன்னும் பாப்பாதான். முட்டி மடங்காததால் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"அந்த மொட்டைக் கடுதாசிய எழுதுனது நான்தாங்க்கா. எடது கையால."

"தெரியும்" என்றாள். கை கீரையை உருவிக்கொண்டே இருந்தது.

அவள் சொன்னது இது. விசாரணையில் மாமாவுக்கு அந்தக் கடிதத்தைப் படித்துக்காட்டியிருக்கிறார்கள். பந்தாட்ட வரி வந்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. அவரிடம் அதைக் கேட்டது உலகத்திலேயே ஒரு பிள்ளைதான். வீட்டுக்கு வந்து, பாப்பாவை ஒன்றும் கேட்டுவிடாதே, அதற்குத் தோன்றியதைக் கேட்டது, வர வேண்டாம் என்றும் சொல்லாதே என்றாராம்.

நான் அழ ஆரம்பித்தேன். அழுதுகொண்டே போனை எடுத்து அந்த வீடியோவைப் போட்டுக் கொடுத்தேன். அக்கா முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு வாங்கினாள். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். கிழவர் இடது முட்டியைத் தட்டுகிற இடத்தில் நிறுத்தி, பின்னால் இழுத்து, திரும்பப் பார்த்தாள். மூன்றாம் தடவையும் பார்த்தாள். பிறகு போனைக் கீரைக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தாள்.

"ஒம்மேல எனக்குக் கோவம் இல்ல பாப்பா. நீ சின்னப் புள்ள. எனக்கு அப்ப இருபத்தொண்ணு."

எனக்கு விளங்கவில்லை. அவள் என்னைப் பார்க்காமல் பேசினாள்.

"ஆபீஸ்ல சரின்னு எழுதிக் குடுத்துட்டாங்க. எனக்குத்தான் சரியாகல. நாலு வயசுல ஒருதரம் பாத்த மூஞ்சி, பத்து வயசுல வந்து நான்தான் அப்பான்னா எனக்கு என்ன தெரியும்? வாதம் வந்து படுத்துட்டாருல்ல, ஒருநாள் கஞ்சி குடுக்கையில கேட்டுட்டேன். நீங்க எங்கப்பாவா, சித்தப்பாவான்னு."

"மாமா என்ன சொன்னாங்க?"

"என்னத்தச் சொல்றது. வாய்தான் கோணிப்போச்சே. என்னையே பாத்துக்கிட்டு இருந்தாரு. நானே சொன்னேன், யாரா இருந்தாலும் பரவால்லப்பா, என்ன வளத்தது நீங்கதான, நான் மன்னிச்சுட்டேன்னு."

தெருவில் மீன்காரம்மா கூவிக்கொண்டு போனாள். அக்கா கீரைத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இத்தன வருஷமா பாப்பா, அத என்னோட பெரிய மனசுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."